மழையிலும் சுழலும் தெளிப்பான்: புல்தரைக்கு எத்தனை நிமிடத் தண்ணீர் போதும்?

இரவெல்லாம் கொட்டிய மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருக்கும். ஆனால், மூலை வீட்டுப் புல்தரையில் தெளிப்பான் வழக்கம்போல் சுழன்றுகொண்டிருக்கும். குழாயில் பொருத்திய டைமரை ஒருமுறை முடுக்கிவிட்டு மறந்துவிடுவதால், தாமான் வீடுகளில் இது அடிக்கடி காணும் காட்சியாகிவிட்டது. இதனால் தண்ணீர் வீணாவதோடு கட்டணமும் கூடுகிறது. தேங்கும் நீர் கொசுவுக்கும் இடம் கொடுக்கிறது.

டைமரைத் தொடுவதற்கு முன் இரண்டு அளவுகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, குழாயின் வேகம். 10 லிட்டர் வாளி நிறைய 40 விநாடி ஆனால், நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று பொருள். அந்தக் குழாயில் தெளிப்பான் தினமும் 30 நிமிடம் ஓடினால் 450 லிட்டர் செலவாகும். மாதத்துக்கு அது 13.5 கன மீட்டர். தீபகற்ப மலேசியாவில் வீடுகளுக்கான தண்ணீர்க் கட்டணத்தில் முதல் 20 கன மீட்டர்தான் மிக மலிவு. அதைத் தாண்டினால் விலை உயரும். 35ஐத் தாண்டினால் இன்னும் உயரும். சமையல், குளியல், துணி துவைப்பு எல்லாம் சேரும்போது, புல்தரையே ஒரு குடும்பத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

இரண்டாவது, தரையில் விழும் நீரின் அளவு. நேரான சுவர் கொண்ட காலி டின்கள் நான்கைந்தைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்து, 15 நிமிடம் தெளிப்பானை ஓடவிட்டு, தேங்கிய நீரை அடிக்கோலால் அளக்க வேண்டும். ஒரு டின்னில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்தால், தெளிப்பானின் இடத்தை மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் சுமார் 4.5 மில்லிமீட்டர் இருந்தால், 40 நிமிடத்தில் 12 மில்லிமீட்டர் கிடைக்கும்.

நம் நாட்டு வெயிலில் புல்தரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது. மழையே இல்லாத வாரத்தில் மொத்தம் 25 மில்லிமீட்டர் கிடைத்தால் பெரும்பாலும் போதும். அதாவது, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலாகவே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால்தான் வேர் கீழே இறங்கும்.

தாமான்களில் மண் பெரும்பாலும் இறுகிய களிமண். 40 நிமிடமும் தொடர்ந்து விட்டால் நீர் கால்வாய்க்கு ஓடிவிடும். ஆகவே இரண்டாகப் பிரிப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, திங்களும் வியாழனும் காலை 5.00 முதல் 5.20 வரையிலும், பின்னர் 5.50 முதல் 6.10 வரையிலும் டைமரை அமைக்கலாம். அந்நேரத்தில் காற்றும் வெயிலும் குறைவு. மாலையில் விட்டால் புல் இரவெல்லாம் ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கலாம். நண்பகலில் விட்டால் ஒரு பகுதி ஆவியாகிவிடும். டைமரின் பேட்டரியை மாற்றும்போது கடிகார நேரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

மழை பெய்தால் கணக்கு மாறும். மாலை நேர இடிமழை ஒன்றே 20 மில்லிமீட்டரைத் தாண்டுவது இங்கு சாதாரணம். அப்படிப் பெய்தால் அடுத்த முறையை ரத்து செய்துவிடலாம். மழை உணர்கருவி இருந்தால் அதுவே நிறுத்திவிடும். கெடா, பெர்லிஸ் பகுதிகளில் ஆண்டுத் தொடக்கத்து வறட்சியிலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜூன், ஜூலை வாக்கிலும்தான் டைமருக்கு உண்மையான வேலை. நீர் விநியோகத் தடை அறிவிக்கப்பட்டால் அதை அணைத்துவிடுவதே முறை. 'கவ் கிராஸ்' பழுத்துப் போனாலும், வேர் காயாதவரை அடுத்த மழையில் துளிர்த்துவிடும்.

அளந்து முடித்த டின்களை உடனே கவிழ்த்துவிட வேண்டும். புல்தரைப் பள்ளங்களை மண்ணிட்டு நிரப்ப வேண்டும். தேங்கிய தெளிந்த நீரில் ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும். வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகுமுன் வானத்தைப் பார்ப்பது பெரியவர்களின் வழக்கம். டைமர் வைத்திருக்கும் வீட்டுக்கும் அதே வழக்கம் வேண்டும்.