நகைப்பெயரின் நேர்மை

புகழ்பெற்ற இசைக்குழுவொன்றின் பாடல்களையே பாடும் பிறிதொரு குழு யாது பெயர் சூடுதல் தகும்? மூலப்பெயரையே சூடின் அது களவாகும். முற்றிலும் வேறு பெயராயின் கேட்போர் இனங்காணார். இவ்விடரை நீக்குவது சிலேடை.

சுவீடன் நாட்டு 'அபா' குழுவினருள் ஒருவர் பெயர் பியோர்ண். அக்குழுவின் பாடல்களைப் பாடுதற்கென 1988 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் தோன்றிய குழு, 'பியோர்ண் அகெய்ன்' எனப் பெயர் பூண்டது. மறுபிறப்பெய்தியோரைக் குறிக்கும் 'போர்ண் அகெய்ன்' என்னும் ஆங்கிலத் தொடர் அதனுள் ஒலித்தல் காண்க. 'ஏசி டிசி' என்னும் றொக் குழுவின் பாடல்களை நாட்டுப்புறப் பாணியில் இசைத்த அமெரிக்கர், 'ஹேசீட் டிக்சி' ஆயினர். 'ஹேசீட்' என்பது பட்டிக்காட்டானைக் குறிக்கும் சொல். ஆதலின் பெயரே பாணியையும் உணர்த்திற்று.

ஓசையால் மூலத்தை நினைவூட்டி, நகையால் 'யாம் அவரல்லேம்' என ஒப்புக்கொள்வதே இப்பெயர்களின் சிறப்பு. போலி தன்னை மறைப்பின் வஞ்சனை. தானே உரைத்து நகுமாயின் அது வணக்கமாகும்.