தலக்கோனாவில் ஓடப் போகிறீர்களா?

மெரினாவிலும் கப்பன் பார்க்கிலும் ஓடிப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் தார்ச்சாலையை விட்டு மலையடிவாரம் தேடத் தொடங்குகிறார்கள். ஓடை ஓரமாகப் போக வேண்டும், நிழல் வேண்டும், போன வழியே திரும்பாமல் ஒரு வட்டம் அடித்து வர வேண்டும். திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இந்த ஆசைக்கு முதலில் அகப்படும் பெயர் தலக்கோனா. திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை, நேரபயலு வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சித்தேஸ்வர சுவாமி கோயில், அதை ஒட்டி ஓடை, ஓடையைப் பிடித்து மேலே போனால் 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. ஆந்திராவிலேயே உயரமான அருவி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இது ஊர்ப் பூங்கா அல்ல என்பதை மனதில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். 1989இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் பகுதி இது. சேஷாசலம் மலைத்தொடர் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமானது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இங்கே பாதையோரத்திலேயே நிற்கும். தேவாங்கும் சிறுத்தையும் கரடியும் வாழும் காடு. நமக்கு எத்தனை கிலோமீட்டர் வேண்டும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காடு என்ன நேரம் தரும், ஓடை என்ன மாதம் தரும் என்பதுதான் முதலில்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஓடுகிறவர்களுக்குப் பிடித்தது இருட்டு பிரியாத அதிகாலை. சிறுத்தைக்கும் அதுவே நடமாடும் வேளை. 2023 ஆகஸ்ட்டில் இதே மலைத்தொடரில், திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்கு முன் ஜூனில் ஒரு சிறுவன் சிறுத்தையின் வாயிலிருந்து காயங்களோடு தப்பினான். லட்சக்கணக்கானோர் கோவிந்தா சொல்லி ஏறும், 3,550 படிகள் கொண்ட பாதையிலேயே நடந்தது இது. அதன்பின் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பிள்ளைகளோடு ஏறுபவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தது. பக்தர்கள் கையில் தடி கொடுத்து அனுப்பியது. ஆள் நடமாட்டம் குறைந்த தலக்கோனாவில் ஏழு மணிக்கு முன் ஓடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாயங்காலமும் வேண்டாம். வெயில் நன்றாகத் தரையில் விழுந்த பிறகு, நாலைந்து பேராக, பேசிக்கொண்டே ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். சிறுத்தை எதிர்ப்பட்டுவிட்டால் ஓட்டத்தை அந்த நொடியே நிறுத்த வேண்டும். முதுகு காட்டி ஓடுகிற எதையும் துரத்துவது அதன் சுபாவம். நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, குரல் கொடுத்து, அதைப் பார்த்தபடியே பின்வாங்குவதுதான் வழி.

அடுத்தது வட்டம். ‘இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிடலாம்’ என்று மேப்பைப் பார்த்துச் சொல்கிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2025 பிப்ரவரியில், சிவராத்திரி சமயத்தில், இதே சேஷாசலத்தில் அன்னமய்யா மாவட்டப் பக்கம் காட்டுவழி நடந்துபோன பக்தர்களை யானைகள் தாக்கிச் சிலர் மடிந்தார்கள். தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திரப் போலீசார் இந்த மலைக்காட்டில் சுட்டுக் கொன்றார்கள். கூலிக்கு வந்த ஏழைகள் அவர்கள். அந்தக் குடும்பங்களின் காயம் ஆறிவிடவில்லை. செம்மரக் காட்டில் கேட்காமல் கிளைவழி பிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

வனத்துறை செக்போஸ்டில் நின்று வாட்சரிடம் கேளுங்கள். “அண்ணா, இன்னைக்கு எது வரைக்கும் போகலாம்?” இந்தப் பக்கத்தில் தமிழில் கேட்டாலும் பதில் கிடைக்கும். 1911 வரை இந்தச் சீமையின் பெரும்பகுதி வட ஆற்காட்டோடு இருந்தது; இரண்டு பாஷையும் கலந்துதான் இன்றைக்கும் சந்தை நடக்கிறது. முந்தின ராத்திரி எங்கே கரடி நின்றது, எந்தப் பாறை வழுக்குகிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் காட்டும் தடத்தில் போய், அதே தடத்தில் திரும்புங்கள். தூரம் போதவில்லையென்றால் அதையே இரண்டு தடவை ஓடலாம்.

மாதத்தை ஓடை தீர்மானிக்கும். ஏப்ரல், மே இரண்டும் ராயலசீமையில் அனல், நீரும் மெலிந்துவிடும். அக்டோபர் பிற்பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் பெய்த மழையில் சுவர்ணமுகி ஆறு கரை புரண்டு பாலங்களை அடித்துச் சென்றது. திருமலைக்கு ஏறும் இன்னொரு வழியான ஸ்ரீவாரிமெட்டுப் பாதை சிதைந்து, 2022 மே மாதத்தில்தான் மறுபடி திறந்தது. காட்டோடைக்கு இன்னும் அவசரம் அதிகம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மலையில் பெய்த மழை கீழே இறங்கிவிடும். கண்ணாடி போல ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரும். பார்த்தவுடன் கரையேறிவிட வேண்டும். போட்டோ எடுக்க நிற்கக் கூடாது. கரையோர மரங்களின் வேரில் போன வெள்ளத்தின் சருகும் துணிக்கிழிசலும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள். இடுப்புக்கு மேலே இருந்தால், தண்ணீர் வந்தால் எங்கே ஏறுவது என்று அப்போதே யோசித்து வைப்பது நல்லது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை என் தேர்வு. அருவியில் நீர் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும்.

சுவர்ணமுகி என்றதும் பெரியபுராணம் நினைவுக்கு வருகிறது. அதில் இந்த ஆறு பொன்முகலி. வேடர் குலத் திண்ணன் ஒரு பன்றியின் பின்னால் காடெல்லாம் ஓடுகிறான். அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்து வருபவர்கள் நாணனும் காடனும் மட்டுமே. பன்றியை வீழ்த்திய பிறகு பசி, தாகம். பக்கத்தில் பொன்முகலி ஓடுகிறது என்று வழி சொல்பவன் நாணன். அந்த ஓட்டம்தான் திண்ணனைக் காளத்திமலையில் கொண்டுபோய்க் கண்ணப்ப நாயனாராக்கியது. ஓடிக் களைத்தவன் குடிக்க நீர் தந்த அந்த ஆறு, இன்றைக்கு வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. காளத்தியில் கோயிலை ஒட்டிய கரையில் மரம் வைத்து, நடக்கவும் ஓடவும் ஒரு மண்பாதை போட்டால் உள்ளூர்ப் பிள்ளைகள் வெகுதூரம் போய்க் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. தினமும் நூறு பேர் நடக்கிற கரையில் குப்பை கொட்டவும் மணல் அள்ளவும் துணிச்சல் குறையும் என்று நம்புகிறேன்.

தலக்கோனாவுக்குத் திரும்புவோம். கிலோமீட்டர் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். சாலையில் ஒரு மணி நேரத்தில் பத்து ஓடுபவர் இங்கே ஐந்து ஓடினாலே நிறைவு. அடியில் பல் வைத்த ஷூ வேண்டும். அருவிக்குக் கிட்டே பாசி பிடித்த கல்லில் ஓட்டம் கிடையாது, நடைதான். அருவித் தடாகத்தில் குதிக்கவே கூடாது. பாறை இடுக்கில் சிக்கி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு விசில். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலும் செக்போஸ்டிலும் சொல்லிவிட்டு ஏறுங்கள், இறங்கியதும் இரண்டு இடத்திலும் தகவல் சொல்லுங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் குரங்கு விடாது. முந்தின நாள் மழை எச்சரிக்கை வந்தால் காரைத் திருப்பதியிலேயே நிறுத்திவிட்டு, அந்த வாரம் ஊருக்குள்ளேயே ஓடுங்கள்.