வெற்றிடத்துக்குள் 'ஆர்க்': சப் ஸ்டேஷன் பிரேக்கர் மின்சாரத்தை நிறுத்துவது எப்படி?

காற்றில் மரக்கிளை முறிந்து 11 ஆயிரம் வோல்ட் லைன் மீது விழுகிறது. அடுத்த நொடி ஏரியா முழுக்க கரண்ட் கட். 'போச்சுடா' என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, சப் ஸ்டேஷனில் ஒரு பிரேக்கர் தன் வேலையைச் சரியாக முடித்திருக்கும். இந்த மின்னழுத்தத்தில் இப்போது பரவலாக இருப்பது 'வேக்குவம் சர்க்யூட் பிரேக்கர்', சுருக்கமாக விசிபி.

சும்மா ஆஃப் பண்ணினா போதாதா?

போதாது. வீட்டு ஸ்விட்சை அணைக்கும்போதே சில சமயம் சின்னதாக ஸ்பார்க் தெரியும். ஷார்ட் சர்க்யூட்டில் பாய்வதோ ஆயிரக்கணக்கான ஆம்பியர். இரு முனைகளைப் பிரித்தாலும், நடுவில் பல ஆயிரம் டிகிரி சூட்டில் 'ஆர்க்' எரியும். அதன் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

காற்றே இல்லாத இடத்தில் ஆர்க் வருமா?

வரும். அங்கேதான் ட்விஸ்ட். விசிபியின் முனைகள் காற்று உறிஞ்சப்பட்ட ஒரு பீங்கான் குடுவைக்குள் இருக்கின்றன. அயனியாக்க காற்று இல்லாததால், ஆர்க் அந்த முனைகளின் உலோகத்தையே ஆவியாக்கி அதில் எரிகிறது.

நம்ம ஊர் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அந்தக் கணத்தில் புதிய ஆவி உருவாகாது. மிச்சமிருக்கும் ஆவியும் மைக்ரோ நொடிகளில் விலகி, சுற்றியுள்ள உலோகக் கவசத்தில் படிந்துவிடும். மின்னழுத்தம் மறுபடி ஏறும்போது கடந்துபோகப் பாலமே இருக்காது. அவ்வளவுதான், ஆர்க் அணைந்தது! அதனால்தான் 11 ஆயிரம் வோல்ட்டுக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியே போதுமானதாக இருக்கிறது.

ஆர்க் ஒரே இடத்தில் நின்றால் முனை உருகிவிடும். எனவே செம்பு-குரோமியம் முனைகளில் சுருள் வடிவ வெட்டுகள் போடுவார்கள். அதனால் உருவாகும் காந்த விசை, ஆர்க்கைச் சுற்றிச் சுற்றி ஓடவைக்கும்.

இது புதுசா?

இல்லை. அமெரிக்காவின் கால்டெக்கில் சோரன்சன், மெண்டென்ஹால் இருவரும் 1926-லேயே சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். ஆனால் உலோகத்துக்குள் இருந்த வாயு கசிந்து வெற்றிடத்தைக் கெடுத்தது. வாயு நீக்கிய உலோகமும், கசியாத சீலும் கைகூடி சந்தைக்கு வர 1960-கள் ஆகிவிட்டது.

இப்போது ஏன் பேச்சு?

போட்டித் தொழில்நுட்பமான எஸ்எஃப்6 வாயு, புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 20 ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. 24 ஆயிரம் வோல்ட் வரையிலான புதிய ஸ்விட்ச் கருவிகளில் இத்தகைய வாயுக்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் தடை விதித்து ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. விசிபிக்கு இந்த வாயு தேவையே இல்லை.

கவனிக்க வேண்டியது என்ன?

குடுவையில் காற்று புகுந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. முனைகளைத் திறந்துவைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். முனைகள் நிஜமாகவே பிரிந்தனவா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பிரேக்கர் ஆஃப் ஆனாலும் லைன்மேன் உடனே கை வைக்கக் கூடாது. இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற ஐசொலேட்டரைத் திறந்து, லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகுதான் வேலை.