தாயும் சேயும் சேர்ந்து போகும் வகுப்பு – எதைத் தெரிந்தெடுப்பது?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், சென்னையில் குடியிருக்கும் என் இளைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு அப்பொழுது ஐந்து மாதக் கைக்குழந்தை. "அப்பா, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வகுப்புக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இங்கே நாலைந்து இடங்களில் நடத்துகிறார்கள். எதில் சேருவது என்று தெரியவில்லை" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "ஐந்து மாதப் பிள்ளைக்கு வகுப்பா? உன்னை எந்த வகுப்பில் வைத்து வளர்த்தோம்?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பாப்பாவுக்காக மட்டும் இல்லை அப்பா. அவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருகிறார். அதுவரைக்கும் எனக்குப் பேச ஆளில்லை" என்றாள்.

நான் வெட்கப்பட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பிரசவ வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், "எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று விசாரித்து வருகிறவன், என் சொந்த மகளிடம் குழந்தையைப் பற்றி மட்டுமே விசாரித்து வந்திருக்கிறேன். என் துணைவியார் மறைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அவர்கள் இருந்திருந்தால் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பது முதல் தாலாட்டுவது வரை மகளுக்குக் கற்றுக் கொடுத்திருப்பார்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். இருவரும் குழந்தையோடு மூன்று வகுப்புகளைப் போய்ப் பார்த்தோம். உங்கள் வீடுகளிலும் மகளோ மருமகளோ இதே கேள்வியைக் கேட்கக்கூடும். ஆகவே கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

யாருக்கு வகுப்பு?

முதலில் போன இடம் பெரிய கூடம். மூளை வளர்ச்சிக்கான பயிற்சி என்று சொன்னார்கள். குழந்தைகளை நாற்காலிகளில் வார் போட்டு உட்கார வைத்து, படம் போட்ட அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டினார்கள். பிறகு பெரிய திரையில் பொம்மைப் படம் ஓடியது. தாய்மார் பின்சுவர் ஓரமாக உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்னதாகவே கட்டவேண்டுமாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அசையவிடாமல் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. இன்னும் தவழாத குழந்தை விழித்திருக்கும்போது, நாளெல்லாம் சேர்த்து அரை மணி நேரமாவது குப்புறக் கிடந்து விளையாட வேண்டும். இதற்கு அட்டையும் வேண்டாம், திரையும் வேண்டாம். ஒரு பாயும், எதிரே ஒரு முகமும் போதும்.

குழந்தைக்குச் சங்கீதம் கேட்கச் செய்தால் அறிவு பெருகும் என்ற விளம்பரத்தையும் பார்த்திருப்பீர்கள். அது வளர்ந்த கதை இது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்கச் செய்து, பிறகு ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் ஒருவகைக் கணக்கை அவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால்மணி நேரத்துக்குள் போய்விட்டது. ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை!

அப்படியானால் குழந்தைக்கு எதுதான் பிரியம்? பிறந்து சில நாட்களே ஆன சிசு, மற்றப் பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறது என்று 1980இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருப்பையில் இருக்கும்போதே அது கேட்டுப் பழகிய குரல் அல்லவா? குழந்தை "ங்ஙா" என்கிறது; தாய் "என்னடி செல்லம்?" என்கிறாள், குழந்தை மறுபடியும் பதில் சொல்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையத்தார் இதைப் பந்து விளையாட்டுக்கு ஒப்பிடுகிறார்கள். ஒருவர் போட, மற்றவர் திருப்பிப் போட வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் குழந்தையின் மூளை உருவாகிறது என்கிறார்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களுக்கெல்லாம் பங்கு வைத்து, நண்டு ஊர்வதுபோல் கையில் ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் நம் வீட்டு விளையாட்டில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

ஆகவே நல்ல வகுப்பு தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறது. தாய் வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு விளையாடுகிறாள். தாயைப் பின்சுவரில் உட்கார வைக்கும் வகுப்பு எவ்வளவு அழகான கட்டிடத்தில் நடந்தாலும் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

என்னென்ன வகுப்புகள்?

இரண்டாவது நாள் நீச்சல் வகுப்பைப் பார்க்கப் போனோம். வெதுவெதுப்பான நீரில் தகப்பனார் ஒருவர் தன் மகனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளையின் சிரிப்பைப் பார்க்க ஆனந்தமாக இருந்தது. மகிழ்ச்சிக்காகப் போகலாம். ஆனால் ஒரு வயதுக்குள் நீச்சல் பழக்கினால் குழந்தை நீரில் மூழ்காது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு கற்பதால் ஆபத்து குறையலாம். அப்பொழுதும் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் வகுப்புகளும் இப்பொழுது நகரங்களில் பெருகியிருக்கின்றன. மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. பிரெஞ்சு மருத்துவர் லெபோயே, கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடுவதைக் கண்டு, அதைப் படங்களோடு 1976இல் நூலாக வெளியிட்டார். நூலின் பெயரே அந்தத் தாயின் பெயர்தான்: சாந்தலா. அதே பத்தாண்டில் விமலா மக்ளூர் என்ற அமெரிக்கப் பெண்மணி, இந்தியாவில் ஓர் அநாதை இல்லத்தில் கண்ட வழக்கத்தைத் தம் நாட்டுத் தாய்மாருக்குக் கற்பிக்கலானார். நம் பாட்டிமார் கை நுணுக்கம் கடல் கடந்து போய், கட்டணத்தோடு திரும்பி வந்திருக்கிறது!

ஆனாலும் வகுப்பில் கற்பதில் ஒரு நன்மை உண்டு. பாட்டிமார் செய்ததெல்லாம் சரியல்ல. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது தவறு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையையும் தவிர்க்கவேண்டும். நல்ல ஆசிரியை இவற்றை எடுத்துச் சொல்லுவார்.

மூன்றாவது வகுப்பு

மூன்றாவது இடம், ஒரு குழந்தை மருத்துவரின் மாடியறை. ஓய்வு பெற்ற தாதியர் ஒருவர் நடத்துகிறார். எட்டுத் தாய்மார் பாய் விரித்து, தத்தம் பிள்ளைகளை எதிரே கிடத்தியிருந்தார்கள். ஆசிரியை ஒரு பொம்மையை வைத்துக் காட்ட, தாய்மார் தங்கள் கையாலேயே செய்தார்கள். ஒரு குழந்தை அழுதது. "பாப்பா போதும் என்கிறாள், தூக்கிப் பால் கொடுங்கள்" என்று சொல்லி எல்லாரையும் காத்திருக்கச் செய்தார். என் மகளின் முறை வந்தபோது, "இவளுக்கு வயிற்றைத் தொட்டால் பிடிக்காது போலிருக்கிறது" என்றாள். "பார்த்தீர்களா, அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்" என்றார் ஆசிரியை. என் மகளின் முகத்தில் நான் பல நாட்களாகக் காணாத வெளிச்சம் வந்தது.

பிறகு கிலுகிலுப்பையை ஆட்டிப் பாட்டுப் பாடினார்கள். ஒரு சிறுவன் மட்டும் தன் பின்னால் எழுந்த சத்தத்துக்குத் திரும்பவில்லை. ஆசிரியை யார் முன்னிலும் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் அந்தத் தாயைத் தனியே அழைத்து, காது பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து என் மகள் சொன்னாள்: பிள்ளைக்குக் காது கேட்பதில் குறை இருக்கிறது; கருவி பொருத்தியாயிற்று. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வரையறை. இந்தப் பிள்ளைக்குச் சற்றுத் தாமதம்தான். ஆனால் இரண்டு வயது வரை தெரியாமலே போகும் பிள்ளைகள் எத்தனையோ.

இப்பொழுது அந்தத் தாயும் மகனும் வேறொரு வகுப்புக்குச் சேர்ந்து போகிறார்கள். காது கேளாத இளங்குழந்தைகளுக்காகச் சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற பள்ளிகளில், பிள்ளையோடு தாயும் வந்து கற்கிறாள். வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்காக, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இயங்குகின்றன. தலை நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது, சத்தத்துக்குத் திரும்புவது ஆகியவற்றில் ஐயம் இருந்தால், விளையாட்டு வகுப்பைத் தேடுமுன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள்

சேருமுன் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். அதற்கு இடங்கொடுக்காத வகுப்பை விட்டுவிடுங்கள்.

1. தாய் என்ன செய்கிறாள்? அவள் கையும் குரலும் வேலை செய்ய வேண்டும். பார்வையாளராக இருக்கக் கூடாது.

2. குழந்தை அழுதால், பால் கேட்டால், தூங்கிவிட்டால் என்ன செய்கிறார்கள்? "பரவாயில்லை" என்று சொல்லும் இடமே நல்ல இடம்.

3. எத்தனை பேர்? எந்த வயது? தவழாத பிள்ளையையும் ஓடுகிற பிள்ளையையும் ஒரே பாயில் விட்டால் சின்னது மிதிபடும். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போனால் ஆசிரியையால் ஒவ்வொரு முகத்தையும் கவனிக்க முடியாது.

4. எவ்வளவு தூரம்? எந்த நேரம்? நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை குழந்தைக்கு நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூங்கும் வேளையில் எழுப்பி ஒரு மணி நேரம் ஆட்டோவில் கொண்டுபோகும் வகுப்பால் இருவருக்கும் களைப்பே மிஞ்சும்.

5. காய்ச்சல், சளி உள்ள பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்களா? ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளைப் போட்ட பின் கூட்டத்துக்குள் போவது நல்லது.

6. என்ன வாக்குக் கொடுக்கிறார்கள்? மேதையாக்குவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

7. தகப்பன் வரலாமா? மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அவரும் பாயில் உட்காரட்டும்.

8. வகுப்பு முடிந்தபின் தாய்மார் உட்கார்ந்து பேச நேரமும் இடமும் உண்டா?

எட்டாவது கேள்வியைக் கடைசியில் வைத்தாலும், என் மகள் விஷயத்தில் அதுவே முதலாவது. வேலூருக்கு அருகேயுள்ள கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவமான பெண்களில் நூற்றுக்குப் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு உண்டானது தெரியவந்தது. கூட்டமும் உறவும் நிறைந்த கிராமங்களிலேயே அப்படியானால், மூன்றாவது மாடியில் தனியே இருக்கிறவளை நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக அழுகையும், தூக்கமின்மையும், குழந்தையிடம் பற்றின்மையும் இருந்தால் வகுப்பு போதாது. மருத்துவரிடம் கட்டாயம் அழைத்துப் போகவேண்டும். நாங்களும் போனோம். "நல்ல வேளை வந்தீர்கள். வகுப்புக்கும் போங்கள், என்னிடமும் வாருங்கள்" என்றார் அந்த மருத்துவர்.

மகள் மாடியறை வகுப்பிலேயே சேர்ந்தாள். வாரம் ஒருநாள், முக்கால் மணி நேரம். அதன்பின் ஒரு மணி நேரம் தேநீரும் பேச்சும். பேத்தி மேதையாகிவிடவில்லை, இப்பொழுது தவழ்ந்துபோய் என் செருப்பைக் கடிக்கிறாள். ஆனால் மகளின் குரல் மாறியிருக்கிறது. "அப்பா, நாளைக்கு நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்" என்று போன வாரம் சொன்னாள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இங்கிலாந்தில் கைக்குழந்தைகளோடு வரும் தாய்மாருக்காக எத்தனையோ ஆலயக் கூடங்கள் வாரநாட்களில் திறந்திருக்கின்றன. நம் ஆலயக் கூடமோ திங்கள் முதல் வெள்ளி வரை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. பத்துப் பாய்கள், குடிக்கத் தண்ணீர், தாலாட்டுத் தெரிந்த இரண்டு மூதாட்டிகள், மாதம் ஒருமுறை வந்து பேச ஒரு தாதியர். இவ்வளவு இருந்தால் கட்டணமில்லாத வகுப்பு ஒன்று தொடங்கிவிடலாம். எந்தச் சபையார், எந்த மதத்தார் என்று கேளாமல் தெருவிலுள்ள தாய்மார் எல்லாரும் வரட்டும்.

அதுவரை, உங்கள் மகளோ மருமகளோ அழைத்தால், பேரப்பிள்ளையை விசாரிக்குமுன் "நீ எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகலாம். காத்திருங்கள்.