பலர் எழுதிய பிறகும் லூக்கா எழுதினார்



லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கோவிலில் செக்கரியா தூபம் காட்டும் இடத்திற்குப் போய்விடும் அவசரம் நமக்கு. ஆனால் அந்தச் சிறிய முன்னுரையில் மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் சொல்லாத ஒன்றை லூக்கா வெளிப்படையாகச் சொல்லுகிறார். இயேசுவைப் பற்றி எழுதத் தமக்கு முன்பே பலர் முயன்றிருக்கிறார்களாம். ஒருவர் இருவர் அல்ல, பலர். அதை நன்றாக அறிந்திருந்தும், தாமும் எழுதுவது நல்லது என்று தமக்குத் தோன்றியதாகக் கூறிவிட்டு அவர் எழுதத் தொடங்குகிறார்.

இது எளிய காரியம் அன்று. எதையாவது சொந்தமாக உருவாக்க முயன்றவர்களுக்கு இது புரியும். ஒரு பாடல், திருவிழாவுக்கு ஒரு நாடகம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு குடில், மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு புதிய முறை என்று நாம் மனத்திற்குள் வைத்து வளர்த்த எண்ணம், வேறொருவர் கையில் முடிந்த பொருளாக நிற்பதைப் பார்க்கும்போது உள்ளே ஏதோ சரிந்துவிடுகிறது. 'இனி நான் எதற்கு?' என்ற கேள்வி எழுகிறது. சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் அந்த மற்றவரைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். லூக்கா இந்த இரண்டையும் செய்யவில்லை.

அவருக்கு முன் இருந்த நூல்களில் ஒன்று மாற்கு நற்செய்தி என்பது இன்றைய விவிலிய அறிஞர்களுள் பெரும்பாலோரின் முடிவு. மாற்கு எழுதியதில் ஏறத்தாழப் பாதியை லூக்கா தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். இவை தவிர, மாற்குவில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக உள்ள போதனைகளும் நிறைய உண்டு. ஆகவே லூக்காவின் நூலில் பெரும்பகுதி, வேறு இடத்திலும் நாம் வாசிக்கக்கூடிய செய்திதான். இந்த மூன்றையும் ஒத்தமை நற்செய்திகள் என்று நாம் அழைப்பதே அதனால்தான்.

அப்படியானால் லூக்காவின் பங்கு என்ன? அவர் பேனாவைக் கீழே வைத்திருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். காணாமற்போன மகன் இல்லை. நல்ல சமாரியர் இல்லை. வாசலில் புண்களோடு கிடந்த ஏழை இலாசர் இல்லை. அத்திமரத்தில் ஏறிய சக்கேயு இல்லை. நயீன் ஊர்க் கைம்பெண்ணின் கண்ணீர் இல்லை. சிலுவையில் தொங்கியபடி மனம் திரும்பிய கள்வனின் வேண்டுதல் இல்லை. எம்மாவு வழியில் நடந்த அந்த மாலைப்பொழுது விரிவாக நமக்குக் கிடைத்திருக்காது. திருப்புகழ்மாலையில் காலையில் பாடும் செக்கரியாவின் பாடல், மாலையில் பாடும் மரியாவின் பாடல், இரவில் பாடும் சிமியோனின் பாடல் மூன்றும் அவர் தந்தவையே. செபமாலையின் மகிழ்ச்சி மறைபொருள்கள் ஐந்தையும் ஒரே நற்செய்தியில் தேட வேண்டுமானால் லூக்காவிடம்தான் போக வேண்டும். 'ஏற்கெனவே எழுதியாயிற்றே' என்று அவர் நினைத்திருந்தால், நம் வீட்டு இரவுச் செபம்கூட இன்றுள்ள உருவில் இருந்திருக்காது.

பிறரிடமிருந்து எடுத்ததிலும் அவருடைய கை தெரிகிறது. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணைப் பற்றிக் கூறும்போது, மருத்துவர் பலரிடம் போய் அவள் நிலைமை இன்னும் கேடாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். லூக்காவில் அந்தக் கேடான செய்தி இல்லை; அவளை எவராலும் குணமாக்க இயலவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். லூக்கா மருத்துவர் என்பது மரபு. தம் தொழிலைச் சார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசினாரோ என்று விரிவுரையாளர்கள் புன்னகையோடு கேட்பதுண்டு. எப்படியானாலும், ஒரே நிகழ்ச்சி வேறொரு மனிதரின் வழியாக வரும்போது அந்த மனிதரின் சாயலும் அதில் படிந்துவிடுகிறது.

இந்தச் சாயலைத் திருச்சபை ஒரு குறையாகக் கருதவில்லை. இரண்டாம் நூற்றாண்டில், ஏறக்குறைய கி.பி. 170இல், தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே நூலாக்கினார். 'தியாத்தெசரோன்' என்று அதற்குப் பெயர். சிரியத் திருச்சபையில் அது நீண்ட காலம் வாசிக்கப்பட்டது. ஒரே செய்தியை நான்கு முறை கேட்க வேண்டிய அவசியம் இல்லை, முன்பின் முரண்பாடும் இல்லை, வசதியான நூல்தான். ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் சீர் என்னும் ஊரின் ஆயர் தெயோதரேத்து, தம் மறைமாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அப்புறப்படுத்தி, அவற்றின் இடத்தில் நான்கு நற்செய்திகளையும் வைத்தார். நான்கு குரல்கள் வேண்டும் என்பதே திருச்சபையின் தேர்வாக இருந்தது.

நான் பணியாற்றிய ஒரு பங்கில் பாடற்குழுவில் ஒரு பெண் இருந்தார். ஆசிரியை. சொந்தமாகப் பாடல் எழுதுவார். இசையும் அவரே அமைப்பார். கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவுக்காக ஒரு திருவிருந்துப் பாடலைப் பல வாரங்களாக எழுதிக்கொண்டிருந்தார். வயலில் சிதறிக் கிடந்த கோதுமை மணிகள் ஒரே அப்பமாவதுபோல நாமும் ஒன்றாகிறோம் என்பது கருத்து. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேறொரு மறைமாவட்டத்திலிருந்து வந்த குறுந்தகட்டில் அதே கருத்தில் ஒரு பாடல் இருந்தது. அவர் தம் ஏட்டைக் கிழித்துவிட்டார். 'நான் பார்த்து எழுதியதாகச் சொல்வார்கள் சாமி' என்றார். அதன்பின் அவர் எழுதவே இல்லை. பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அந்தக் கோதுமை மணி உருவகம் யாருடையது? அந்தக் குறுந்தகட்டை வெளியிட்டவருடையதும் அன்று. முதல் நூற்றாண்டின் இறுதியில் அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'திதாக்கே' என்னும் நூலில், தொடக்கக் கிறிஸ்தவர்கள் அப்பத்தின்மேல் சொன்ன செபத்திலேயே அது இருக்கிறது. மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது ஒன்றாகத் திரட்டப்பட்டதுபோலத் திருச்சபையும் உலகெங்கிலுமிருந்து திரட்டப்பட வேண்டும் என்று அவர்கள் மன்றாடினார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஹிப்போ நகர ஆயர் தூய அகுஸ்தினார், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு ஆற்றிய மறையுரையில் அதே கோதுமையை எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் அதை எங்கே கொண்டுபோனார் பாருங்கள். அவருக்கு முன்னால் நின்றவர்கள் தவக்காலம் முழுவதும் நோன்பிருந்து, பேய் ஓட்டும் சடங்குகளுக்கு உட்பட்டு, தண்ணீரில் மூழ்கி எழுந்து, தைலம் பூசப்பெற்றவர்கள். அவர்களிடம், நோன்பில் நீங்கள் அரைக்கப்பட்டீர்கள், திருமுழுக்குத் தண்ணீரில் பிசையப்பட்டீர்கள், தூய ஆவியின் நெருப்பில் சுடப்பட்டு அப்பமானீர்கள் என்ற பொருளில் பேசினார். பழைய உருவகம்தான். ஆனால் இந்த மக்களைப் பார்த்து, இந்த நாளில், இந்த ஆயர் மட்டுமே சொல்லக்கூடிய பேச்சாக அது மாறிவிட்டது.

நம் ஆசிரியையின் ஏட்டில் என்ன இருந்தது என்பதில் எனக்கு ஒரு வரி நினைவிருக்கிறது. அதில் கோதுமை இல்லை. கூலிக்குக் களையெடுக்கும் பெண்களின் கைகள் இருந்தன. அவருடைய தாயார் அந்த வேலை செய்தவர். குறுந்தகட்டுப் பாடலில் அது இல்லை, இருக்கவும் முடியாது. லூக்கா தம் முன்னுரையில் இரண்டு காரியங்களைச் சொல்லுகிறார்: எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து தாமே கருத்தாய் விசாரித்து அறிந்ததாகவும், தியோபில் என்பவருக்காக எழுதுவதாகவும். நாம் நேரில் கண்டு கேட்டு அறிந்தது ஒன்று, நமக்கு முன்னால் இருக்கிற ஆள் ஒன்று. கருத்து பலருக்கும் வரலாம். இந்த இரண்டும் அப்படியே இன்னொருவருக்கு வாய்ப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கிழித்தது கோதுமையை அன்று, அந்தக் கைகளை.

நம்மை உண்மையில் வருத்துவது, நாம் முதலாவதாக இல்லையே என்பது. இதில் பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளர் ஜார்ஜ் லெமேத்ரு அவர்களின் வாழ்க்கை நமக்கு நல்ல பாடம். 1923இல் குருப்பட்டம் பெற்ற அவர், லூவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பேரண்டம் விரிவடைந்துகொண்டிருக்கிறது என்று 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐன்ஸ்டீனைச் சந்தித்தபோது, கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்க முடியாதது என்ற கருத்தில் ஐன்ஸ்டீன் பதில் சொன்னார். கூடவே இன்னொரு செய்தியையும் சொன்னார்: இத்தகைய தீர்வுகளை 1922லேயே ரஷ்யர் அலெக்சாந்தர் பிரீட்மன் கண்டுபிடித்துவிட்டார்! ஒரே மாலையில் கண்டனமும், 'நீ இரண்டாமவன்' என்ற செய்தியும். யாராயிருந்தாலும் துவண்டிருப்பார்கள்.

லெமேத்ரு துவளவில்லை. பிரீட்மன் கணக்கோடு நின்றிருந்தார். லெமேத்ரு அந்தக் கணக்கை, விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்லும் வேகத்தோடு இணைத்துப் பார்த்திருந்தார். அது தம்முடையது என்று அவருக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து, பேரண்டம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1931இல் வெளியிட்டார். இதற்கிடையில் 1929இல் அமெரிக்கர் எட்வின் ஹபிள் விண்மீன் மண்டலங்களின் வேகத்தையும் தொலைவையும் பற்றிய கட்டுரையை வெளியிட, அந்த விதி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. லெமேத்ருவின் கட்டுரை 1931இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அந்த விதியைத் தாமே முன்னதாகக் கண்டதைக் காட்டும் பகுதி அதில் இல்லை. யாரோ சதி செய்து நீக்கிவிட்டார்கள் என்று பலர் பேசிவந்தார்கள். 2011இல் ஒரு கடிதம் வெளிச்சத்துக்கு வந்தது. மொழிபெயர்த்தவரும் லெமேத்ருவே, அந்தப் பகுதியை விட்டவரும் அவரே! அதைவிடச் சிறந்த அளவீடுகள் வந்துவிட்டதால் தம் பழைய எண்களை மீண்டும் அச்சிடத் தேவையில்லை என்று அவர் கருதியிருக்கிறார். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் வாக்களித்து அதை ஹபிள்-லெமேத்ரு விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது 2018இல். அவர் இறந்து 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒத்த எண்ணம் வேறு, களவு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்தவர் மறையுரையை அப்படியே இறக்கி வாசித்துவிட்டு அதை என் சொந்தச் சரக்கு என்று சொல்வது களவுதான். இதை எங்களைப் போன்ற குருக்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன். இன்று கைப்பேசியில் கேட்டால் நம்பிக்கையாளர் மன்றாட்டு நொடியில் எழுதப்பட்டு வந்துவிடுகிறது. ஆனால் நம் தெருவில் நேற்று இறந்தவரின் பெயர் அதில் இருக்காது. மாறாக, பிறரிடம் பெற்றதை மறைக்காமல் வாங்கி நம் மண்ணில் நட்டு வளர்த்தால் அது நம்முடையதாகிறது. 1726இல் வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடி முடித்தார். கதைச் செய்திகளில் பலவற்றை ஸ்பெயின் நாட்டு அருள்சகோதரி ஆகிரேதா மரியாவின் நூலிலிருந்து எடுத்தார். காப்பிய அமைப்பைச் சிந்தாமணியிடமும் கம்பரிடமும் கற்றார். ஆனாலும் யூதேயாவில் தமிழ் வயல்கள் விளைய, தூய யோசேப்பு 'வளன்' என்ற பெயரோடு நடந்து வருவதை அவர் அல்லவா நமக்குக் காட்டினார்!

மறுபக்கமும் உண்டு. நாம் செய்துவந்ததை இன்னொருவர் செய்யத் தொடங்கும்போது நமக்கு எப்படி இருக்கிறது? எழுபது மூப்பர்மேல் ஆவி இறங்கியபோது, கூடாரத்திற்கு வராமல் பாளையத்திலேயே தங்கிவிட்ட எல்தாது, மேதாது இருவரும் இறைவாக்குரைக்கத் தொடங்கினார்கள் (எண் 11:26-29). அவர்களைத் தடுக்கும்படி யோசுவா மோசேயிடம் சொன்னார். மோசேயோ, எனக்காகவா நீ பொறாமைப்படுகிறாய் என்று கேட்டு, ஆண்டவரின் மக்கள் அனைவருமே அப்படி ஆகிவிட்டால் எவ்வளவு நல்லது என்றார். யோசுவா கெட்டவர் அல்லர். தலைவர்மேல் உள்ள பற்றால்தான் சொன்னார். பங்கில் நம் சண்டைகளும் பல நேரம் இப்படிப் பற்றிலிருந்தே தொடங்குகின்றன.

எங்கள் பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சிக்கு இரண்டு அன்பியங்கள் ஒரே நேரத்தில் நல்ல சமாரியர் உவமையை எடுத்துக்கொண்டு வந்தன. 'எங்கள் கதையை அவர்கள் எடுத்துவிட்டார்கள்' என்று இரு தரப்பிலும் முறையீடு. ஒருவரை மாற்றச் சொல்லும்படி பங்குப் பேரவையிலும் கேட்டார்கள். இரண்டு பிரதிகளையும் வாங்கி வாசித்தேன். ஒன்றில் புறவழிச் சாலையில் அடிபட்டுக் கிடந்தவரை லாரி ஓட்டுநர் ஒருவர் தூக்கிப்போகிறார். மற்றதில் மருத்துவமனை வராந்தாவில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருவருக்கு இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறாள். இரண்டையும் ஒரே இரவில், ஒன்றன்பின் ஒன்றாக நடிக்கச் சொன்னேன். நடித்தார்கள். முதல் அன்பியத்தார் வேடத்தைக் கலைக்காமலே கீழே வந்து அமர்ந்து இரண்டாவது நாடகத்தைப் பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது மீதிப் பணத்தைத் தருகிறேன் என்று அந்தச் சமாரியர் சாவடிக்காரரிடம் சொன்னாரே, திரும்பி வந்தாரா சாமி என்று கேட்டார். இந்த ஆண்டு மூன்றாவது அன்பியம் ஒன்று அதை நாடகமாக்கிக்கொண்டிருக்கிறது.