அழுகிற ஆணை நம்புவோம்



'சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே' என்ற பழமொழியைக் கேட்டே நாம் வளர்ந்தோம். நம் பட்டாசு ஊர்களில் அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் காண்கிறோம்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர்; சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். ஆபத்தில் ஓடிவரத் தெரிந்த மக்கள் நாம். ஆனால் சாவு வீட்டில் நடப்பது என்ன? உள்ளே பெண்கள் கட்டியழுகிறார்கள். வெளியே ஆண்கள் பந்தல் போடுகிறார்கள், மருத்துவமனையில் உடலை வாங்குகிறார்கள், குழி தோண்டுகிறார்கள். இறந்தவரோடு பல ஆண்டுகள் மருந்து கலந்த நண்பர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. மாலையில் மதுக்கடை, சில நாளில் மறுபடியும் அதே வேலை.

இதை அன்பின்மை என்று சொல்ல முடியாது. தோள் கொடுப்பதுதான் நம் ஆண்கள் பேசும் மொழி. ஆனால், 'மருந்து வாடை பட்டாலே கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை' என்று சொல்ல அந்த மொழியில் இடமில்லை.

அணுகுண்டு வெடியில் சணலை இறுகச் சுற்றினால்தான் சத்தம் பெரிது. மனமும் அப்படித்தான். அடக்கிய துயரம் மனைவி, பிள்ளைகள் மீது வெடிக்கிறது. சிலரில் தங்கள் மீதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். காரணங்கள் பல; ஆனால் மனம்விட்டுப் பேச ஆளிருந்தால் பாரம் குறையும்.

நண்பர் இலாசரின் சாவில் இயேசு எல்லார் முன்னிலையிலும் கண்ணீர் சிந்தியதை யோவான் மறைக்கவில்லை. பார்த்தவர்கள் அதில் நண்பர்மேல் அவர் வைத்திருந்த அன்பையே கண்டார்கள்.

அடக்கத் திருப்பலி முடிந்தபின், கல்லறை வாசலில் தனியே நின்றவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நாமும் திரும்பியிருக்கிறோம். இனி முப்பதாம் நாள் திருப்பலியில், குடும்பத்தாரோடு அந்த வேலைத் தோழரையும் தேடுவோம். "நல்லா இருக்கியாப்பா?" என்றால் "இருக்கேன் சாமி" என்றுதான் பதில் வரும். இரண்டாம் முறையும் கேட்போம். அறிவுரை வேண்டாம், டீக்கடையில் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். பாரம் தாங்காதவர்கள் அரசின் 14416 என்ற எண்ணை இலவசமாக அழைத்துப் பேசலாம் என்பதையும் சொல்வோம்.

அவர் அழுதால் முகத்தைத் திருப்பாதிருப்போம். அழுகிற ஆணை நம்புவோம்.