படித்தாலும் இடம் தீரும்

ஒரு ஃபைலைத் திறந்து படிக்கிறோம். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் டிஸ்க்கில் இடம் குறைகிறது. ஒரு கணத்தின் நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுக்கும் ஃபைல் சிஸ்டங்களில் இது அன்றாடம் நடப்பதுதான்.

யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்கள் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று நேரங்களைக் குறித்து வைக்கின்றன. உள்ளடக்கம் மாறிய நேரம் எம்டைம். உரிமையாளர், அனுமதி போன்ற விவரங்கள் மாறினாலும் புதுப்பிக்கப்படுவது சிடைம். கடைசியாகப் படித்த நேரம் ஏடைம். வம்பு செய்வது இந்த மூன்றாவதுதான். அதைக் குறிக்க வேண்டுமென்றால், படிக்கும்போதும் டிஸ்க்கில் எழுதியாக வேண்டும்.

சாதாரண ஃபைல் சிஸ்டத்தில் பழைய நேரத்தின் மேலேயே புதியதை எழுதிவிடலாம். கூடுதல் இடம் தேவைப்படாது. ஆரக்கிளில் கிறிஸ் மேசன் தொடங்கி, 2007-இல் அறிவிக்கப்பட்ட பிடிஆர்எஃப்எஸ் அப்படிச் செய்யாது. அடித்துத் திருத்தக் கூடாத பேரேட்டில் ஒரு வரி மாறினால் பக்கம் முழுவதையும் புதுத் தாளில் எழுதுவதுபோல, மாறிய பகுதியை அது வேறிடத்தில்தான் எழுதும். ஸ்னாப்ஷாட் இல்லையென்றால் பழைய பகுதி உடனே காலியாகிவிடும். இருந்தால், ஸ்னாப்ஷாட் அதை விடாது. இரண்டும் டிஸ்க்கில் தங்கும்.

ஏடைம் வெறும் 12 பைட். ஆனால் ஃபைல் விவரங்களை, அதாவது மெட்டாடேட்டாவை, பிடிஆர்எஃப்எஸ் ஒரு மரமாக அடுக்கி வைக்கிறது; ஏடைம் இருக்கும் இலையின் வழக்கமான அளவு 16 கிலோபைட். ஒற்றை டிஸ்க்கில் மெட்டாடேட்டாவை இரண்டு பிரதியாக வைப்பது இப்போதைய வழக்கம் என்பதால், அது 32 கிலோபைட் ஆகிறது. இலைக்கு மேலுள்ள கிளைகளும் வேர் வரை புதிதாக எழுதப்படும். ஓர் இலையில் பல ஃபைல்களின் விவரம் இருப்பதால், ஒருமுறை பிரிந்த இலையை மறுபடி தொட்டால் இடம் கூடாது. அடுத்த ஸ்னாப்ஷாட் எடுத்ததும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஃபைலின் உள்ளடக்கத்துக்கு மட்டும் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. அது பழையபடி பகிர்ந்தே இருக்கும்.

ஒன்றிரண்டு ஃபைலைப் படித்தால் இது கண்ணுக்கே தெரியாது. முழு டைரக்டரியையும் அலசும் கிரெப், வைரஸ் ஸ்கேனர், பேக்கப் புரோகிராம் ஆகியவை ஓடும்போதுதான் உறைக்கும். மோசமான நிலையில், ஃபைல் விவரங்களைச் சுமக்கும் மெட்டாடேட்டா ஏறக்குறைய முழுவதும் நகலாகிவிடும். பத்திரப்படுத்த ஓடும் பேக்கப்பே இடத்தைத் தின்பது நல்ல வேடிக்கை.

லினக்ஸில் 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் முதல் ரெல்ஏடைம்தான் இயல்பு அமைப்பு. ஃபைலோ அதன் விவரமோ மாறிய பிறகு முதன்முறை படித்தால், அல்லது பழைய குறிப்புக்கு 24 மணி நேரம் கடந்திருந்தால் மட்டுமே அது ஏடைமைப் புதுப்பிக்கும். சாதாரண டிஸ்க்குக்கு இது அருமையான சமரசம். தினம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பவருக்கோ பெரிதாக உதவாது: ஸ்னாப்ஷாட்டும் நாளுக்கு ஒன்று, ஏடைம் மாற்றமும் நாளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கின்றன.

இங்கே ஏடைமைப் புதுப்பிக்கவே செய்யாத நோஏடைம் அமைப்புதான் சரியான வழி என்பது என் கட்சி. பிடிஆர்எஃப்எஸ் ஆவணமும், ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் ஏராளமான ஃபைல்களைப் படித்தால் ரெல்ஏடைம் இருந்தும் இப்படி ஆகும் என்று எச்சரிக்கிறது. இதேபோல் வேறிடத்தில் எழுதும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் ஏடைம் பண்பை ஆஃப் செய்தால் போதும். எம்பாக்ஸ் பெட்டியில் புது அஞ்சல் வந்ததா என்று ஏடைமைப் பார்த்து அறியும் மட் போன்ற பழைய புரோகிராம்களும், நாள்பட்ட தற்காலிக ஃபைல்களைக் கழிக்கும் சில கருவிகளும் மட்டுமே குழம்பக்கூடும். அவற்றை நம்பியிருந்தால் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றே அமைப்பை மாற்றினாலும், ஏற்கெனவே போன இடம் அதைப் பிடித்திருக்கும் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழித்தால்தான் திரும்பக் கிடைக்கும்.